பழைய கார் வயரிங்கில் எர்த் கோளாறு: அளந்து கண்டுபிடிக்கும் வழி

பிரேக்கை மிதித்தால் முன்பக்கப் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் அதே பக்கத்து டெயில் லாம்ப்பும் சேர்ந்து துடிக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் என்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள் ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. பேட்டரி புதியதுதான், ஆனாலும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் இந்தக் கோளாறுகளைப் பழைய கார் ஒன்றில் சேர்ந்தாற்போலப் பார்த்தால், நான் முதலில் சந்தேகிப்பது எர்த்தைத்தான், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையைத்தான்.

பல்பு, சுவிட்ச், ரிலே, ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பவர்கள் ஏராளம். பணம் போகும், கோளாறு போகாது. எர்த் கோளாறு ஊகத்துக்குப் பிடிபடாது, அளவுக்குப் பிடிபடும். அதிலும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் அளவுக்குத்தான் பிடிபடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் திரும்பி வரும் வழி

காரில் மின்சாரம் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகிறது. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. விளக்கு திருகப்பட்டிருக்கும் இரும்பு உடலே திரும்பு பாதை. அந்த உடலிலிருந்து ஒரு தடித்த கேபிள் பேட்டரியின் மறுமுனைக்குப் போகிறது. வயரில் பாதியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு திருகும் மின் இணைப்பாகிவிடுகிறது. அவற்றில் துரு ஏறினாலோ, பெயிண்ட் புகுந்தாலோ, எண்ணெய் படிந்தாலோ பாதை சுருங்குகிறது.

என்ஜினுக்கு இது இன்னும் முக்கியம். என்ஜின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் என்ஜினையும் உடலையும் இணைக்கப் பின்னல் பட்டையோ தடித்த கேபிளோ இருக்கும். என்ஜினைக் கழற்றி மாட்டியவர்கள் இந்தப் பட்டையைத் திரும்பப் போட மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது ஸ்டார்ட்டரின் பெரிய மின்னோட்டம் கிடைத்த வழியில் திரும்ப முயல்கிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள், கிளட்ச் கேபிள் ஆகியவையெல்லாம் உலோகம்தானே. ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சுட்டால், அல்லது அதன் உறை உருகியிருந்தால், மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். நேராக என்ஜின் எர்த் பட்டையைத் தேடுங்கள்.

கோளாறு மூன்று விதமாக வரும். திரும்பு பாதை பலவீனமாவது முதல் விதம். இதில் ஃபியூஸ் போகாது, விளக்கு மங்கும் அல்லது வேறொன்று சேர்ந்து எரியும். மின்சாரம் வரும் வயர் எங்கோ உரசி உடலைத் தொடுவது இரண்டாவது விதம். இதைத்தான் ஷார்ட் என்கிறோம். இதில் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத வரிசையென்றால் (சர்க்யூட்டென்றால்) புகை வரும். ஈரமும் பாசியும் படிந்த இணைப்பு வழியாகச் சிறிதளவு மின்சாரம் சதா கசிவது மூன்றாவது. இதில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், சில நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி மட்டும் இறங்கியிருக்கும். எந்த விதம் என்று தெரிந்துகொண்டால்தான் எந்தச் சோதனை என்று முடிவு செய்ய முடியும்.

தொடங்கும் முன்

எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று பேட்டரியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இன்று எல்லாக் கார்களிலும் நெகட்டிவ்தான் எர்த். ஆனால் 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் 1967-இல்தான் மாற்றினார்கள். 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய பல கார்களில் மின்னழுத்தமே 6 வோல்ட். கீழே நான் சொல்லும் எண்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் காருக்கானவை. பாசிட்டிவ் எர்த் என்றால் மீட்டர் முனைகளை மாற்றிப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதேதான். இன்னொரு விதிவிலக்கும் உண்டு. 1953 முதல் வந்த கொர்வெட் போலக் கண்ணாடி இழை உடல் கொண்ட கார்களில் உடல் வழியாக எதுவும் திரும்பாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இருக்கும், அந்த வயரைத்தான் தொடர வேண்டும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பல்பைக் கொண்டு செய்த டெஸ்ட் லாம்ப், காரின் முன்னிருந்து பின்வரை எட்டும் நீளத்தில் ஒரு மெல்லிய வயர், இரு முனையிலும் கிளிப்பும் நடுவில் ஃபியூஸும் வைத்த ஒரு ஜம்பர் வயர், கம்பி பிரஷ், உப்புத்தாள், ஸ்பேனர்கள். இவற்றோடு உங்கள் காருக்கான வயரிங் வரைபடமும் வேண்டும். வரைபடம் இல்லாமல் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்புக்குச் சில கண்டிப்பான விதிகள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் ஆகியிருக்கும் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மறுமுனையை முதலில் தொட்டால், ஸ்பேனர் உடலில் பட்ட கணத்தில் பேட்டரி முழுவதும் ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி எதையும் அணிந்துகொண்டு இந்த வேலையைச் செய்யக் கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், அதனால் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் டேங்க் அருகே பொறி பறக்கும் எந்தச் சோதனையும் வேண்டாம். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்பதற்காகப் பெரிய ஃபியூஸையோ கம்பித் துண்டையோ வைக்காதீர்கள். கார்கள் தீப்பிடிப்பது இப்படித்தான். ஏர்பேக் உள்ள 1990களின் கார் என்றால் மஞ்சள் நிற இணைப்பிகளைத் தொடாதீர்கள். என்ஜின் கம்ப்யூட்டர் இருக்கும் வரிசைகளில் பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பைப் பயன்படுத்தாதீர்கள், அங்கே மீட்டர் மட்டும்தான்.

முதல் வேலை: அறிகுறிகளை எழுதுவது

மீட்டரை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, எது எரிகிறது, எது மங்குகிறது, எது கூடவே எரிகிறது என்று எழுதுங்கள். பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்: ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும், பிரேக்கும் பார்க்கிங் விளக்கும், வைப்பரும் ஹாரனும். தனியாக ஒழுங்காக இருப்பது இன்னொன்று சேரும்போது கெட்டால், அவை இரண்டும் ஓர் எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதற்கு அது வலுவான தடயம்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கெட்டுப்போன உறுப்புகள் எல்லாம் எந்த எர்த் புள்ளியில் சேர்கின்றன? வலது ஹெட்லைட், வலது இண்டிகேட்டர், ஹாரன் மூன்றும் ஒரே போல்ட்டில் சேர்ந்தால், கோளாறு அந்தப் போல்ட்டில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒரு பக்கத்து டெயில் லாம்ப் மட்டும் கெட்டிருந்தால் பேட்டரி கேபிளைப் போய்த் தோண்ட வேண்டியதில்லை.

வயர் நிறம் உதவும். லூகாஸ் என்ற மின்கருவி நிறுவனத்தின் முறையைப் பின்பற்றிய பிரிட்டிஷ் கார்களில் எர்த் வயர் கறுப்பு, எப்போதும் மின்சாரம் இருப்பது பழுப்பு, சாவி போட்டால் வருவது வெள்ளை, அதுவே ஃபியூஸைத் தாண்டியபின் பச்சை. ஜெர்மானிய கார்களில் எர்த்துக்குப் பழுப்பு, பேட்டரி நேரடி வரிசைக்குச் சிவப்பு, சாவி வரிசைக்குப் பெரும்பாலும் கறுப்பு. அதாவது ஒரு நாட்டில் எர்த்தாக இருக்கும் நிறம் இன்னொரு நாட்டில் ஃபியூஸ் இல்லாத நேரடி மின்சாரம். தவறாகப் புரிந்துகொண்டு வெட்டினால் ஆபத்து. ஜெர்மானிய கார்களில் முனைகளில் எண்ணும் இருக்கும். டி.ஐ.என். 72552 தரத்தின்படி 31 எர்த், 30 பேட்டரி, 15 சாவி வரிசை, 50 ஸ்டார்ட்டர். எண்ணை நம்புங்கள். நிறத்தை, இதற்கு முன் யாரும் கைவைக்காத ஹார்னஸில் (வயர் கட்டில்) மட்டும் நம்புங்கள்.

இரட்டை இழை பல்பு சொல்லும் செய்தி

எர்த் போனால் ஏன் வேறொரு விளக்கு எரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். பல பழைய கார்களின் பின்பக்கப் பல்பில் இரண்டு இழைகள் இருக்கும்: பிரேக்குக்கு 21 வாட், இரவு விளக்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான், பல்பின் உலோக அடிப்பகுதி. அந்த அடிப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு அறுந்தால், பிரேக்கை மிதிக்கும்போது 21 வாட் இழை வழியாக வந்த மின்சாரம் வெளியேற வழியின்றி நிற்கிறது. மடையை அடைத்தால் நீர் பக்கத்து வாய்க்காலில் ஏறுவது போல, அது 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து, இரவு விளக்கு வரிசைக்குள் நுழைந்து, முன்பக்கப் பார்க்கிங் விளக்குகள், டாஷ்போர்டு விளக்குகள் வழியாக எர்த்தை அடைகிறது. அதனால்தான் பிரேக்கை மிதித்தால் முன்னால் விளக்கு மினுங்குகிறது.

ஆகவே இந்த அறிகுறியைக் கண்டால் முன்விளக்கைத் தொடாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கப் பல்பு ஹோல்டரைப் பாருங்கள். ஹோல்டருக்குள் பல்பு உட்காரும் இடத்தில் துரு, ஹோல்டரை ரிஃப்ளெக்டரோடு பிணைக்கும் ரிவெட்டில் துரு, ரிஃப்ளெக்டரை உடலோடு பிணைக்கும் திருகில் துரு என்று மூன்று இடங்களில் தடை வரலாம். ரிவெட் துருவைப் பலர் கவனிப்பதில்லை, வெளியே பார்க்க எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும்.

பேட்டரியைச் சோதிப்பது

சில மணி நேரம் ஓய்வாக இருந்த, முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். பலவீனமான பேட்டரியோடு எடுக்கும் அளவுகள் குழப்பத்தான் செய்யும். என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது இயல்பு.

பிறகு பேட்டரி முனைக்கும் அதன் மேல் இறுக்கிய கிளாம்ப்புக்கும் இடையே அளந்து பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், மறுமுனையைக் கிளாம்ப்பில். ஹெட்லைட் எரியும்போது இங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரைக்கால் வோல்ட் காட்டினாலும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மையச் சோதனை: வேலை செய்யும்போது மின்னழுத்த இழப்பை அளப்பது

பலர் எர்த்தைச் சோதிக்க ஓம் அளவில் மீட்டரை வைத்து வயரின் இரு முனையையும் தொடுகிறார்கள். பூஜ்யம் காட்டுகிறது, எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த முடிவை நம்பக் கூடாது. ஓம் அளவில் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுப்புகிறது. நூறு இழைகள் கொண்ட கேபிளில் ஒரே ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் அந்தச் சிறு மின்னோட்டம் தடையின்றிப் போய்விடும். ஸ்டார்ட்டர் இழுக்கும் 150 ஆம்பியர் அந்த ஓர் இழை வழியாகப் போகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டரில் கண்டறியவே முடியாது. ஆனால் 150 ஆம்பியர் பாயும்போது அந்த 0.01 ஓம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும்.

அதனால் வோல்ட் அளவில் வையுங்கள், டி.சி., 20 வோல்ட் வரம்பு, இருந்தால் 2 வோல்ட் வரம்பு. மங்கலாக எரியும் விளக்கைப் போட்டுவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேல் இருக்கட்டும், கிளாம்ப்பில் அல்ல. பின்விளக்கைச் சோதிக்கும்போது முனை எட்டாது, அதற்குத்தான் அந்த நீள வயர். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மெல்லிய வயரே போதும், அளவு மாறாது. சிவப்பு முனையை விளக்கின் எர்த் பக்கத்தில், அதாவது பல்பின் உலோக அடிப்பகுதியில் வையுங்கள்.

நல்ல எர்த் 0.1 வோல்ட்டுக்குள் காட்டும். 0.2 வந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் கோளாறு உறுதி. விளக்கு எரியவே இல்லை, மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது என்றால் எர்த் முழுவதுமாக அறுந்திருக்கிறது. அரை வோல்ட் சிறிய எண் போலத் தோன்றும். ஆனால் சாதாரண இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய கார்களின் ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்கு வயதைக் காரணம் சொல்பவர்கள் இந்த அளவை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இழப்பு இருக்கிறது என்று தெரிந்தபின், அது எங்கே என்று தேடுவது எளிது. கறுப்பு முனையை அசைக்காதீர்கள். சிவப்பு முனையைப் பாதையில் ஒவ்வொரு புள்ளியாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். பல்பின் அடிப்பகுதி, ஹோல்டர், எர்த் வயரின் தொடக்கம், வயரின் மறுமுனையில் உள்ள தம்பிள் (வயரில் நெரித்துப் பொருத்திய உலோக வளையம்), தம்பிளைப் பிடிக்கும் போல்ட்டின் தலை, போல்ட்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிய வெறும் உலோகம், பேட்டரி கேபிள் உடலைச் சேரும் இடம், கிளாம்ப். தம்பிளில் 1.1 வோல்ட், போல்ட் தலையில் 1.1, பக்கத்து உலோகத்தில் 0.05 என்று வந்தால் கோளாறு போல்ட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே. எங்கே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் தடை. வயரின் ஒரு முனையில் 0.8, மறுமுனையில் 0.1 என்றால் வயருக்குள்ளேயே செம்பு அரித்திருக்கிறது. வெளியே உறை பளபளப்பாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

எர்த் பக்கத்தில் இழப்பே இல்லை, ஆனாலும் விளக்கு மங்கல் என்றால், கோளாறு வரும் பாதையில். அதே முறையை மறுபக்கம் செய்யுங்கள்: ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், மறுமுனை பல்பின் மின்சாரம் வரும் முனையில். பழைய கார்களில் ஹெட்லைட் மின்னோட்டம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போவதால் அங்கே இழப்பு சாதாரணம்.

என்ஜின் எர்த்

ஸ்டார்ட்டர் முனகும் காரில் இதே சோதனையைப் பெரிய அளவில் செய்ய வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்த நிலையில், என்ஜின் பற்றாதபடி இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் வரும் சிறு வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்குங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை என்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்தில். உதவியாள் ஒருவர் சில வினாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். அந்த நேரத்தில் 0.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. பிறகு ஒரு முனையை நெகட்டிவ் கம்பத்திலேயே வைத்து மறுமுனையைக் காரின் உடலில் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். மூன்றாவதாக என்ஜினுக்கும் உடலுக்கும் இடையே. இந்த மூன்று எண்களும் பேட்டரி கேபிள், என்ஜின் பட்டை இரண்டில் எது கெட்டது என்று நேராகச் சொல்லிவிடும்.

உறுதி செய்ய ஒரு விரைவு வழி உண்டு. ஜம்ப் ஸ்டார்ட் கேபிளில் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே போடுங்கள். ஸ்டார்ட்டர் உற்சாகமாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரைக் கழற்றும் வேலை மிச்சம். விளக்குகளுக்கும் இப்படிச் செய்யலாம். ஜம்பர் வயரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பல்பு ஹோல்டரில். வெளிச்சம் சட்டென்று கூடினால் சந்தேகம் தீர்ந்தது.

மீட்டர் முட்கள் பொய் சொல்லும்போது

டாஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் கெடும்போது வரும் குழப்பம் தனி வகை. பல பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் மீட்டருக்கும் வெப்பமானிக்கும் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் மின்னழுத்த நிலைப்படுத்தி ஒன்று சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அந்தச் சிறு பெட்டி தன் உறை வழியாகவே எர்த் ஆகிறது. அதன் எர்த் போனால் அது விட்டுவிட்டு இயங்குவதை நிறுத்தி, முழு மின்னழுத்தத்தையும் அனுப்பிவிடும். இரண்டு முட்களும் சேர்ந்து உயர்வாகக் காட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால் என்ஜின் சூடாகிறது என்று பதறுவதற்கு முன் அந்தப் பெட்டியின் திருகைப் பாருங்கள்.

ஒரே ஒரு முள் தவறினால் அதன் சென்ஸரைப் பாருங்கள். வெப்ப சென்ஸர் தன் மரை வழியாக என்ஜினோடு எர்த் ஆகிறது. கசிவைத் தடுக்க மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினால் அந்த எர்த் கெட்டு, முள் குறைவாகக் காட்டும். டேங்கில் உள்ள பெட்ரோல் சென்ஸருக்கும் எர்த் தேவை, ஆனால் அங்கே பொறி வரும் சோதனை கூடாது என்று முன்பே சொன்னேன்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

இது ஷார்ட். புதிய ஃபியூஸைப் போட்டுப் போட்டுப் பார்ப்பது வீண். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அது இருந்த இரு முனைகளுக்கும் இடையே 21 வாட் பல்பை இணையுங்கள். அந்த வரிசையில் உள்ள விளக்குகளின் பல்புகளைக் கழற்றி, மோட்டார்களின் இணைப்பிகளைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை வழியாகவும் மின்சாரம் பாய்ந்து குழப்பும். இப்போது சோதனைப் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் அங்கே இருக்கிறது. பல்பு மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்துவதால் வயர் எரியாது, நிதானமாகத் தேடலாம். வரிசையின் இணைப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, அதற்கு அப்பால்தான் உரசல்.

விட்டுவிட்டு வரும் ஷார்ட்டுக்கும் இதே பல்புதான் துணை. ஹார்னஸைக் கையால் அசைத்துக்கொண்டே போங்கள், பல்பு மினுங்கும் இடத்தில் நில்லுங்கள். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: என்ஜின் அறைச் சுவரில் வயர் நுழையும் ரப்பர் வளையம், கதவுக் கீல், டிக்கி மூடியின் கீல், இருக்கைத் தண்டவாளத்துக்கு அடியில் கம்பளத்தின் கீழ், ஸ்டீயரிங் தண்டின் அருகே, எக்ஸாஸ்ட் குழாய் பக்கம். பின்னாளில் யாரேனும் ரேடியோவோ அலாரமோ பொருத்தியிருந்தால் அங்கே கண்டிப்பாகப் பாருங்கள். ஹார்னஸின் நடுவே திருகு ஏறியிருப்பதும், வயரைக் குத்திப் பிடிக்கும் மலிவு இணைப்பிகள் உறையைக் கிழித்திருப்பதும் வழக்கம்.

1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டே ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட், இக்னிஷன் வரிசைகளுக்கு ஃபியூஸே கிடையாது. இப்படிப்பட்ட காரில் வேலை முடிந்து பேட்டரியை மீண்டும் இணைக்கும்போது நேராக மாட்டாதீர்கள். எர்த் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே அதே 21 வாட் பல்பை வைத்து, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துப் பாருங்கள். பல்பு எரியாவிட்டால் மட்டும் கிளாம்ப்பை மாட்டுங்கள்.

கசிவைப் பிடிப்பது

மூன்றாவது விதத்துக்கு மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, எர்த் கம்பத்துக்கும் கழற்றிய கிளாம்ப்புக்கும் இடையே தொடராக இணையுங்கள். முன்னே சொன்ன பல்புச் சோதனையில் பல்பு அணைந்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கதவைத் திறக்கவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். மின்னணுப் பெட்டிகள் இல்லாத காரில் கடிகாரத்துக்கான சில மில்லி ஆம்பியர் தவிர ஒன்றும் ஓடக் கூடாது. பிந்தைய கார்களில் 50 மில்லி ஆம்பியர் வரை சாதாரணம். அரை ஆம்பியர் ஓடினால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் எண் விழுகிறது என்று பாருங்கள். எதிலும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிரித்துவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். உள்ளே உள்ள டையோடு கசிவதும் உண்டு.

சரிசெய்வது

போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் தற்காலிகமாகச் சரியாகும், துரு அப்படியே இருக்கும். முழுவதும் கழற்றுங்கள். தம்பிளின் இரு பக்கமும், வாஷரும், உடலில் தம்பிள் உட்காரும் வட்டமும் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த கார்களில் எர்த் கெடுவதற்கு அந்த வட்டத்தில் இருக்கும் பெயிண்ட்தான் காரணம், அழகுக்காக அதை விட்டுவைக்காதீர்கள். பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். அதன் பிறகு மேலே பெட்ரோலிய ஜெல்லியோ கிரீஸோ தடவுங்கள். காற்றும் ஈரமும் புகாமல் தடுப்பதுதான் அதன் வேலை, இணைப்பு உலோகத்தோடு உலோகம் நேராகச் சேர வேண்டும். ஒரே போல்ட்டில் ஏழெட்டுத் தம்பிள்களை அடுக்கியிருந்தால் இரண்டாகப் பிரியுங்கள்.

வயரை நறுக்கினால் உள்ளே செம்பு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வராவிட்டால் அந்த வயரை முழுவதும் மாற்றுங்கள், கறுத்த செம்பில் தம்பிள் போட்டால் சில மாதங்களில் திரும்ப வந்து நிற்பீர்கள். தம்பிளை அதற்கான கருவியால் நெரித்துப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவது என் விருப்பம். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், அதிர்வில் அந்த விளிம்பில் முறியும். புது எர்த் வயர் பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. ஹெட்லைட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போதும், பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

முடித்தபின் அதே விளக்கைப் போட்டு, அதே இரு புள்ளிகளில் மீண்டும் அளந்து பாருங்கள். முன்பு 1.1 காட்டிய இடம் இப்போது 0.05 காட்ட வேண்டும். 0.3-இல் நின்றால் பாதையில் இன்னொரு கெட்ட இணைப்பு இருக்கிறது, சிவப்பு முனையை மீண்டும் நகர்த்தத் தொடங்குங்கள். கடைசியாகக் கிடைத்த எண்களை எர்த் புள்ளியின் இடத்தோடு சேர்த்து வயரிங் வரைபடத்திலேயே பென்சிலால் குறித்து, தேதியும் போட்டு வையுங்கள்.